இதயத்தின் நிணநீர் நாளங்களைப் படம்பிடிக்க எது சரி: ஸ்லைடா, லைட் ஷீட்டா, எம்ஆர்ஐ-யா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் கேப் டவுனிலும் இதய ஆய்வுக்குச் சேர்ந்திருக்கும் தமிழ்ப் பிள்ளைகளிடமிருந்து இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வருகிறது. சென்னையிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்தவர்கள் கேட்கிறார்கள். டர்பனின் சாட்ஸ்வர்த்தில் பிறந்து கோயில் வகுப்பில் தமிழ் கற்றவர்களும் கேட்கிறார்கள். "அக்கா, இதயத்தின் நிணநீர் நாளங்களைப் படம்பிடிக்கணும். மெழுகில் பதித்து ஸ்லைடு வெட்டுவதா, இதயத்தை முழுசா கண்ணாடிபோலத் தெளியவைத்து, மெல்லிய ஒளித்தகடு பாய்ச்சிப் பார்க்கும் லைட் ஷீட் மைக்ரோஸ்கோப்பில் வைப்பதா, இல்லை எம்ஆர்ஐ பக்கம் போவதா?" எதைத் தேர்ந்தாலும் அடுத்த மூன்று ஆண்டுகளின் பணமும் உழைப்பும் அதன் பின்னால்தான் போகும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இதயத்தில் நிணநீர் நாளங்கள் உண்டு என்பது 17ஆம் நூற்றாண்டில் ஸ்வீடன்காரர் ஓலாஃப் ருட்பெக் காலத்திலிருந்தே தெரிந்த விஷயம். ஆனால் இரத்தக் குழாய்களுக்குக் கிடைத்த கவனத்தில் கால்வாசிகூட இவற்றுக்குக் கிடைக்கவில்லை. தசைக்குள் கசியும் நீரையும் புரதத்தையும் நோயெதிர்ப்புச் செல்களையும் இவைதான் வெளியே கொண்டுபோகின்றன. உள்சுவரிலிருந்து வெளிச்சுவரை நோக்கி நிணநீர் நகர்கிறது. இதயம் சுருங்கும் ஒவ்வொரு முறையும் அதைத் தள்ளிவிடுகிறது. வெளிச்சுவரில் சேரும் நாளங்கள் இதயத் தமனிகளை ஒட்டி மேலேறி, நடுமார்பின் நிணக்கணுக்களுக்குப் போய்ச்சேர்கின்றன. இந்த வழி அடைபட்டால் தசை நீர் கோத்து வீங்கும், பிறகு தழும்பேறும்.

2015இல் எலிகளிலும் 2016இல் பெரிய எலிகளிலும் வந்த ஆய்வுகள் ஒன்றைக் காட்டின: மாரடைப்புக்குப் பிறகு வெஜ்எஃப்-சி என்ற வளர்ச்சிக் காரணியைக் கொடுத்து நிணநீர் நாளங்களை வளரவிட்டால் வீக்கம் குறைகிறது, இதயத்தின் செயல்பாடு மேம்படுகிறது. 2021இல் இன்னொரு குழு எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது. மரபணு வழியாக அந்த வளர்ச்சியைத் தடுத்த எலிகளில், மாரடைப்புக்குப் பின் இதயம் கூடுதலாக மோசமாகவில்லை. வளர்த்துவிட்டால் நன்மை, தடுத்தால் தீமை இல்லை. இரண்டும் எப்படி ஒன்றாக உண்மையாக இருக்கும்? புதிதாக முளைத்த நாளங்கள் உண்மையில் நீரை வடித்தனவா என்பதில்தான் எனக்குச் சந்தேகம். 2022 ஏப்ரல் வெள்ளத்தை டர்பனில் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும்: எத்தனை வடிகால் இருக்கிறது என்று வரைபடத்தில் எண்ணுவது வேறு, மழை நாளில் தண்ணீர் இறங்குகிறதா என்று பார்ப்பது வேறு.

எதை வைத்துத் தேர்வது

முதல் அளவுகோல் இதுதான்: உங்கள் கேள்வி அமைப்பைப் பற்றியதா, ஓட்டத்தைப் பற்றியதா? நாளங்கள் எங்கே, எவ்வளவு தடிமனில், எத்தனை கிளையோடு இருக்கின்றன என்பது அமைப்பு. நிணநீர் எவ்வளவு வேகத்தில், எந்தக் கணுவுக்குப் போகிறது என்பது ஓட்டம். இரண்டையும் ஒரே படத்தில் எதிர்பார்ப்பவர்கள்தான் நடுவழியில் மாட்டிக்கொள்கிறார்கள்.

அடுத்தது, உங்கள் கையில் என்ன இதயம் இருக்கிறது என்பது. எலி, பன்றி, பிரேதப் பரிசோதனையில் எடுத்த மனித இதயம், மாற்று அறுவையில் கழற்றிய இதயம், உயிரோடிருக்கும் நோயாளி என்று ஒவ்வொன்றுக்கும் வழி மாறும். அப்புறம், நாளத்தைக் காட்ட நீங்கள் நம்பப்போகும் அடையாளக்குறி (ஆன்டிபாடி ஒட்டி ஒளிரவைக்கும் புரதம்) வேறு எந்தெந்தச் செல்லில் ஒளிரும் என்பது. கடைசியாக ராண்டு மதிப்பு, மின்சாரம், அனுமதிக் கடிதங்கள். இவற்றைச் சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். இந்த நாட்டில் பல திட்டங்கள் இதில்தான் நிற்கின்றன.

| முறை | எந்த இதயம் | காட்டுவது | காட்டாதது | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| ஸ்லைடு, ஆன்டிபாடி | மனிதர், விலங்கு, பழைய மெழுகுக் கட்டிகள் | இடம், எண்ணிக்கை, சுற்றியுள்ள செல்கள் | கிளைப்பு, ஓட்டம் | பல மட்டங்களில் வெட்டும் உழைப்பு |
| தெளியவைத்து லைட் ஷீட் | எலி முழுதாக, மனிதத் துண்டுகள் | முப்பரிமாண வலை | ஓட்டம் | ஆன்டிபாடி அளவு, தரவுச் சேமிப்பு |
| இண்டோசயனின் கிரீன் சாயம் | உயிருள்ள விலங்கு, திறந்த மார்பு | ஓட்டத்தின் திசை, வேகம் | ஆழத்தில் உள்ள நுண்நாளம் | அறுவைப் பயிற்சி, அனுமதி |
| எம்ஆர்ஐ | நோயாளி | தசை வீக்கம், மார்பின் பெரிய நாளங்கள் | இதயத்தின் சொந்த நாளங்கள் | ஸ்கேன் நேரம், திறமையான கை |
| டெக்னீசியம் ஸ்கேன் | நோயாளி, விலங்கு | வடிகிறதா இல்லையா | நுணுக்கமான வடிவம் | குறைவு |

மெழுகு, ஸ்லைடு, ஆன்டிபாடி

பழைய முறை என்று இதைத் தள்ளிவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தம்தான். மனித இதயத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமென்றாலும் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். நோயியல் துறைகளில் அடுக்கிக் கிடக்கும் மெழுகுக் கட்டிகளில் பல வருட நோய்க் கதை இருக்கிறது. நெறிமுறைக் குழுவின் ஒப்புதலோடு அதை வெட்டிப் பார்க்கலாம்; புதிதாக ஒரு விலங்கையும் தொட வேண்டாம்.

சிக்கல் அடையாளக்குறிகளில் இருக்கிறது. லைவ்-1 என்ற புரதம் நிணநீர் நுண்நாளங்களில் பளிச்சென்று தெரியும். ஆனால் இதயத்தில் நிரந்தரமாகக் குடியிருக்கும் மேக்ரோஃபேஜ் என்ற நோயெதிர்ப்புச் செல்களில் ஒரு வகையும் அதையே காட்டும். நிணநீரைச் சேர்த்துக் கொண்டுபோகும் பெரிய நாளங்களிலோ அது மங்கிவிடும். ஆக, லைவ்-1ஐ மட்டும் நம்பினால் நாளமில்லாத இடத்தில் நாளம் இருக்கும், பெரிய நாளம் காணாமல் போகும். ப்ராக்ஸ்-1 செல்லின் உட்கருவில் இருப்பதால் எண்ணுவதற்கு வசதி. ஆனால் இதயத் தசைச் செல்களிலும் அது உண்டு. பொடோபிளானின் மனிதத் திசுவில் நன்றாக வேலை செய்யும், ஆனால் இதயத்தைப் போர்த்தியிருக்கும் மேலணிச் செல்களும் அதில் ஒளிரும். எனவே இரண்டு குறிகளை ஒரே ஸ்லைடில் போடுங்கள், மூன்றாவதாக இரத்தக் குழாய்க்கு ஒரு குறி. சுவருள்ள குழாய் வடிவம், உள்ளே சிவப்பணு இல்லை, இரண்டு குறியும் சேர்ந்து தெரிகின்றன என்றால்தான் அதை நிணநீர் நாளம் என்று எழுதலாம்.

இன்னொன்று, இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. நோயாளியிடமிருந்து எடுக்கும் இதயப் பயாப்ஸி பெரும்பாலும் வலது கீழறையின் உட்பக்கத் தடுப்புச்சுவரிலிருந்து வருகிறது. பெரிய நிணநீர் நாளங்கள் இருப்பதோ வெளிச்சுவரில். நூறு பயாப்ஸியை வெட்டினாலும் அவை கண்ணில் படப்போவதில்லை. வெளிச்சுவர் வேண்டுமென்றால் பிரேதப் பரிசோதனை இதயமோ மாற்று அறுவையில் கழற்றிய இதயமோ கிடைக்க வேண்டும். அதிலும் இதயம் நின்றபின் நாளங்கள் சுருங்கி மூடிக்கொள்ளும். அதனால் உட்குழியின் பரப்பை அளந்து ஒப்பிடாமல் எண்ணிக்கையை ஒப்பிடுவது நல்லது. மேல், நடு, நுனி என்று மூன்று மட்டத்தில் வெட்டி, வெளிச்சுவர்ப் பகுதியைத் தனியாக எண்ணுங்கள். எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி போட்டால் வேறுபாடு கரைந்துவிடும்.

தெளியவைத்து லைட் ஷீட்

எல்லாரும் ஆசைப்படுவது இதற்குத்தான், ஆசைப்படுவதில் நியாயமும் இருக்கிறது. எலியின் இதயத்தை இரத்தம் போகக் கழுவி, மெத்தனாலில் படிப்படியாக நீரை எடுத்து, ஹைட்ரஜன் பெராக்சைடில் நிறம் நீக்கி, ஆன்டிபாடியில் பல நாள் ஊறவைத்து, கடைசியில் எத்தில் சின்னமேட் என்ற திரவத்தில் போட்டால் தசை மெல்லத் தெளிகிறது. குப்பியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இதயம் இளந்தேன் நிறத்தில் இருக்கும். பெருநாடியின் வேரும் வால்வுகளின் ஓரமும் மட்டும் மங்கலாக நிற்கும். அதை லைட் ஷீட்டில் வைத்துப் பார்க்கும்போது நுனியிலிருந்து அடிப்பாகம் வரை நாளங்கள் கிளை சேர்ந்து சேர்ந்து ஏறுவது ஒரே படத்தில் வரும். அடைபட்ட தமனியின் கீழே புது நாளங்கள் எந்தப் பக்கமிருந்து முளைத்தன, பழைய வலையோடு சேர்ந்தனவா, தனியாக முட்டுச்சந்தில் நிற்கின்றனவா என்பதை வெட்டிய ஸ்லைடில் கண்டுபிடிக்கவே முடியாது. 2015, 2021 முடிவுகளுக்கு இடையிலுள்ள முடிச்சை அவிழ்க்க இந்தப் படம் நிச்சயம் தேவை.

செலவுப் பக்கத்துக்கு வருவோம். கழுவும்போது இரத்தம் மிச்சமிருந்தால் அது துருநிறத் திட்டாக நின்று ஒளியை விழுங்கும். படத்தில் அதன் பின்னால் கோடுகோடாக நிழல் விழும். அதை மென்பொருளால் முழுதாகச் சரிசெய்ய முடியாது. இதயத் தசை பச்சை நிறத்தில் தானாகவே ஒளிரும் என்பதால் தொலைசிவப்புச் சாயங்களையே வாங்க வேண்டும். ஜிஎஃப்பி என்ற பச்சை ஒளிர்புரதம் கொண்ட எலிகளை வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்: கரைப்பான் முறைகளில் அந்த ஒளி அணைந்துவிடும், ஜிஎஃப்பிக்கு எதிரான ஆன்டிபாடியால் மறுபடி ஏற்ற வேண்டும் அல்லது நீர்சார்ந்த க்யூபிக் போன்ற முறைக்குப் போக வேண்டும். கரைப்பானில் திசு சுருங்கும், க்யூபிக்கில் உப்பும். இரண்டு முறைகளில் எடுத்த நாள அகலங்களை நேராக ஒப்பிடாதீர்கள்.

மெத்தனாலைத் தாங்காத ஆன்டிபாடிகள் உண்டு. முழு இதயத்தை இறக்கும் முன் ஒரு மெல்லிய துண்டை மெத்தனாலில் ஊறவைத்துச் சோதித்துவிடுங்கள். எத்தில் சின்னமேட்டைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டாம், உறைந்துவிடும்.

அப்புறம் நம் ஊர்ப் பிரச்சினைகள். முழு இதயத்துக்கு ஊற்ற வேண்டிய ஆன்டிபாடி அளவு ஸ்லைடுக்கு வேண்டியதைவிடப் பல மடங்கு; அது டாலரிலோ யூரோவிலோ விலை போட்டு, உலர்பனியில் பொதிந்து, சுங்கத்தைத் தாண்டி வர வேண்டும். 2023இல் லோட் ஷெட்டிங் என்ற சுழற்சி மின்வெட்டு தினமும் பல மணி நேரம் இருந்தபோது நீண்ட ஸ்கேன் போடுவதென்பது நெஞ்சில் பாரத்தோடு உட்காருவதுதான். இப்போது நிலைமை மேல் என்றாலும், ஜெனரேட்டர் மைக்ரோஸ்கோப்புக்கு மட்டுமல்ல, அதன் கணினிக்கும் குளிரூட்டிக்கும் சேர்ந்து ஓடுமா என்று கேட்டுவிட்டு நேரம் ஒதுக்குங்கள். ஒரே இதயத்தின் தரவு நூற்றுக்கணக்கான ஜிகாபைட் வரலாம். சேமிக்க இடமும் நாளங்களைப் பிரித்தெடுக்கத் தெரிந்த ஆளும் இல்லாமல் ஸ்கேனைத் தொடங்குவது வீண். லைவ்-1 மேக்ரோஃபேஜ் பிரச்சினை இங்கேயும் தொடரும். புள்ளிகளைக் கழித்து நீளமான குழாய்களை மட்டும் எடுக்கும் விதியை முதல் இதயத்தைப் பார்க்கும் முன்பே எழுதி வையுங்கள்.

இண்டோசயனின் கிரீன்: ஓட்டத்தைப் பார்ப்பது

ஓட்டம்தான் கேள்வி என்றால் இறந்த இதயம் எதுவும் உதவாது. இண்டோசயனின் கிரீன் சாயத்தை இதயத்தின் நுனியில் மிகச் சிறிய அளவு செலுத்தினால் அது ஆல்புமின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொண்டு நிணநீர் வழியே போகும். சுமார் 800 நானோமீட்டர் அகச்சிவப்பில் தூண்டினால், ஒளிரும் மெல்லிய கோடுகள் ஒவ்வொரு துடிப்போடும் அடிப்பாகத்தை நோக்கி ஏறுவது கேமராவில் தெரியும். எவ்வளவு நேரத்தில் நிணக்கணு ஒளிர்கிறது என்பதே உங்கள் அளவு.

விலங்கின் மார்பைத் திறந்து, செயற்கைச் சுவாசம் கொடுத்துச் செய்ய வேண்டிய வேலை இது. எலி இதயம் நிமிடத்துக்கு 500க்கும் மேல் துடிக்கும்; அதில் ஊசியை ஆழம் மாறாமல் நிறுத்துவது கைப்பழக்கம். அழுத்திச் செலுத்தினால் இயல்பாகத் திறக்காத வழியிலும் சாயம் புகும். மேலே கசிந்தால் பெரிய திட்டு ஒளிர்ந்து எல்லாக் கோடுகளையும் மறைக்கும். நீங்கள் கால்நடை மருத்துவர் இல்லையென்றால் தென்னாப்பிரிக்க கால்நடை மருத்துவ மன்றத்தின் அங்கீகாரமும் விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் கையில் வரும்வரை ஊசியைத் தொட முடியாது. விண்ணப்பத்தை முதல் மாதத்திலேயே போடுங்கள்.

இதோடு சேர்த்து ஒரு தராசையும் பயன்படுத்துங்கள். இதயத் துண்டின் ஈர எடை, அடுப்பில் எடை மாறாமல் நிற்கும்வரை உலர்த்தியபின் உலர் எடை: இரண்டின் வேறுபாடு தசையிலுள்ள நீர். தசை நீர் சில சதவீதம் ஏறினாலே இதயத்தின் இறைப்பு கணிசமாகக் குறையும். இந்த எண் இல்லாமல் "நிணநீர் வடிகால் மேம்பட்டது" என்று எழுதும் கட்டுரையை நான் நம்புவதில்லை.

எம்ஆர்ஐ: நோயாளியிடம் எவ்வளவு தெரியும்

இங்கே வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். உயிருள்ள மனிதரின் இதயத் தசைக்குள் இருக்கும் நிணநீர் நுண்நாளங்களை வழக்கமான மருத்துவமனை எம்ஆர்ஐ-யில் பார்க்க முடியாது. பார்க்க முடிவது இரண்டு. ஒன்று, டி2 மேப்பிங்: தசையில் நீர் கூடினால் டி2 நேரம் (திசுவின் காந்தச் சமிக்ஞை மங்க எடுக்கும் நேரம்) நீளும், 1.5 டெஸ்லா ஸ்கேனரில் ஆரோக்கியமான தசைக்குச் சுமார் 50 மில்லிநொடி. ஸ்கேனருக்கு ஸ்கேனர் இது மாறுவதால் உங்கள் கருவியில் ஆரோக்கியமானவர்களை முதலில் அளந்து வைத்துக்கொள்ள வேண்டும். வீக்கம் தெரியும், அது கசிவு கூடியதாலா, வடிகால் குறைந்ததாலா என்பது தெரியாது.

மற்றொன்று, நிணநீர் எம்ஆர்ஐ. தொடை இடுக்கின் நிணக்கணுவில் கடோலினியம் என்ற படத்தைத் தெளிவாக்கும் மருந்தைச் செலுத்தி, அது மார்பு நாளம் வழியே ஏறுவதைத் தொடர்ந்து படமெடுப்பது. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா குழந்தைகள் மருத்துவமனையில் வளர்ந்த இந்த முறை, பிறவி இதயக்கோளாறுக்கு ஃபான்டன் அறுவை செய்துகொண்ட குழந்தைகளில் நிணநீர் எங்கே வழிதவறி நுரையீரலுக்கோ குடலுக்கோ போகிறது என்று காட்டுகிறது. அந்தக் குழந்தைகளுக்கு இதுதான் சரியான தேர்வு, சிகிச்சையே இதை வைத்து மாறலாம். மாரடைப்பு ஆய்வுக்கு இதைப் போடுவதில் பயனில்லை. அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே நிணக்கணுவில் ஊசி ஏற்றத் தெரிந்த ரேடியாலஜிஸ்ட் வேண்டும். அரசு மருத்துவமனையில் ஸ்கேன் நேரத்துக்கு ஏற்கெனவே நோயாளிகள் வரிசையில் நிற்கிறார்கள் என்பதையும் மனதில் வையுங்கள்.

இன்னும் இரண்டு வழிகள்

டெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருள் கலந்த நுண்துகள்களைச் செலுத்திக் காமா கேமராவில் பார்ப்பது மங்கலான படம்தான் தரும். ஆனால் மூலப்பொருளுக்கு வெளிநாட்டை எதிர்பார்க்க வேண்டாம். பிரிட்டோரியா அருகே பெலிண்டாபாவில் 1965 முதல் இயங்கும் சஃபாரி-1 அணு உலை, டெக்னீசியத்தின் தாய்ப்பொருளான மாலிப்டினம்-99ஐ உலகுக்கே அனுப்புகிறது. டெக்னீசியத்தின் அரை ஆயுள் 6 மணி நேரம். வடிகிறதா இல்லையா என்ற ஆம்-இல்லை கேள்விக்குப் பன்றி போன்ற பெரிய விலங்கில் இதை முயலலாம்.

மற்றொன்று பிரான்சின் கிரனோபிளில் உள்ள, மிக வலிமையான எக்ஸ்கதிர் தரும் ஐரோப்பிய சிங்க்ரோட்ரான். முழு மனித இதயத்தையும் வெட்டாமல் சுமார் 20 மைக்ரோமீட்டரில் எடுத்து, வேண்டிய இடத்தில் இன்னும் நெருங்கிப் பார்க்கலாம். 2013இல் தென்னாப்பிரிக்கா அதில் அறிவியல் இணை உறுப்பினரானதால் நம் ஆய்வாளர்கள் விண்ணப்பிக்க வழி உண்டு. ஆனால் எக்ஸ்கதிர்ப் படத்தில் எது நிணநீர் நாளம், எது சிறிய சிரை என்று ஆன்டிபாடி இல்லாமல் உறுதிசெய்வது கடினம். மனிதத் திசுவை நாட்டுக்கு வெளியே அனுப்ப 2003ஆம் ஆண்டின் தேசியச் சுகாதாரச் சட்டத்தின் கீழ் ஏற்றுமதி அனுமதியும், 2018இல் அரசிதழில் வந்த படிவத்தின்படி பொருள் மாற்று ஒப்பந்தமும் வேண்டும். முதுகலை மாணவருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

யாருக்கு எது

மாரடைப்புக்குப் பிந்தைய எலி ஆய்வு என்றால்: எல்லா விலங்குகளிலும் இண்டோசயனின் கிரீனும் நீர் எடையும், சில இதயங்களில் மட்டும் லைட் ஷீட், மிச்சத்தில் ஸ்லைடு. எல்லா இதயங்களையும் தெளியவைத்து, ஓட்டத்தை ஒன்றில்கூட அளக்காமல் விட்டால் 2021இல் எழுந்த கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்காது.

மாற்று இதயம் பற்றிய ஆய்வு இந்த நாட்டுக்கு உரிமையுள்ள ஒன்று. உலகின் முதல் மனித இதய மாற்று அறுவை 1967 டிசம்பர் 3 அன்று கேப் டவுன் க்ரூட் ஷூர் மருத்துவமனையில் நடந்தது. இன்றுவரை அந்த அறுவையில் இதயத்தின் மேலறையும் பெரிய தமனியும் சிரையும்தான் தைக்கப்படுகின்றன, நிணநீர் நாளங்கள் அறுந்தபடியே விடப்படுகின்றன. அவை தாமாக மறுபடி இணைகின்றனவா என்பதைப் பயாப்ஸி சொல்லாது, காரணம் மேலே சொன்னதுதான். கழற்றப்பட்ட அல்லது பிரேதப் பரிசோதனைக்கு வந்த இதயத்தின் அடிப்பாகத்தைத் துண்டுகளாகத் தெளியவைத்துப் பாருங்கள். தையல் கோட்டைத் தாண்டி நாளம் போகிறதா என்பதை முப்பரிமாணம்தான் காட்டும்.

காசநோயால் இதய வெளியுறை அழற்சி வருபவர்கள் இங்கே அதிகம். தென்னாப்பிரிக்க இதய மருத்துவர் பொங்கானி மயோசி தலைமையில் 1400 நோயாளிகளோடு நடந்து 2014இல் வெளிவந்த இம்பி ஆய்வு, பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மருந்து கொடுப்பதால் இறப்பு உள்ளிட்ட முதன்மை விளைவுகள் குறையவில்லை, ஆனால் உறை இறுகிப்போவது குறைந்தது என்று காட்டியது. ஏன் சிலருக்கு மட்டும் உறை இறுகுகிறது? உறைக்குள் சேரும் நீரை வடிப்பதில் நிணநீர் நாளங்களுக்குப் பெரும் பங்கு இருப்பதால், அங்கே ஒரு விடை இருக்கலாம் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். இறுகிய உறையை அறுவையில் எடுக்கும்போது கிடைக்கும் திசு உலகின் பல ஆய்வுக்கூடங்களுக்கு எட்டாதது, நமக்குக் கிடைப்பது. இதற்கு ஸ்லைடே போதும். ஒரே எச்சரிக்கை: வெளியுறையின் மேலணிச் செல்கள் பொடோபிளானினில் பளீரென்று ஒளிரும், அழற்சியில் அவை மடிந்து குழாய் போலவே தெரியும். ப்ராக்ஸ்-1 சேர்த்துப் போடுங்கள். அங்கே தசைச் செல் இல்லை, அதனால் அந்தக் குறியின் வழக்கமான குழப்பமும் இல்லை. மாதிரி வந்த அன்றே பாதியை ஃபார்மலினிலும், மீதியைத் தெளியவைப்பதற்கென்று தனியாகப் பாராஃபார்மால்டிஹைடிலும் போட்டு வைத்துவிட்டால், பின்னால் லைட் ஷீட்டுக்குப் பணம் வரும்போது திசு தயாராக இருக்கும்.